பெரிய பேச்சாளரை அழைப்பதற்கு முன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டது இது. குலசேகரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 30,000 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். 8, 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய லட்சியம் வரும்படி ஏதாவது நடத்த வேண்டும். வெளியூரிலிருந்து பேர்போன தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை வரவழைக்கலாம் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பலர் சொல்கிறார்கள். குழுவில் இருக்கும் உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. "இதனால் பலன் உண்டா? வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையோரத்திலும் கடலோரத்திலுமாக 31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். உங்கள் மனசு சொல்வது சரி. அந்தப் பேச்சாளர் வேண்டாம்.

நானும் ஒரு முறை அப்படி ஏற்பாடு செய்திருக்கிறேன். 400 பிள்ளைகளை மைதானத்தில் உட்கார வைத்தோம். வந்தவர் நன்றாகவே பேசினார். "ஐ.ஏ.எஸ். ஆகப் போறவங்க கை தூக்குங்க" என்றார். மைதானம் முழுக்கக் கை. ஆசிரியர்கள் எல்லோருக்கும் புல்லரித்தது, எனக்கும்தான். இரண்டு மாதம் கழித்து 9-ம் வகுப்பில், "ஐ.ஏ.எஸ். தேர்வு எழுத என்ன படித்திருக்க வேண்டும்?" என்று கேட்டேன். கை தூக்கிய அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் தயங்கித் தயங்கி, "சார், அதுக்கு டெல்லியில பொறக்கணுமா?" என்றான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான். அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆசையைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்துக்குப் போகிற பஸ் எது என்று சொல்லாமல் விட்டுவிட்டோம்.

பிள்ளைகளிடம் ஆசை குறைவு என்று நாம் நினைப்பதிலேயே தவறு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம் இது. இங்கே பிள்ளை படிக்க வேண்டாம் என்று நினைக்கிற வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அந்த ஆசை ஒடுங்கிக் கிடக்கிறது. பையன் என்றால் இன்ஜினியரிங், பெண் என்றால் நர்சிங், இரண்டும் இல்லையென்றால் வெளிநாடு. இதைத் தாண்டி என்ன இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது. இங்கிலாந்தில் பள்ளி நிகழ்ச்சிகளின் பலனை ஆராய்கிற எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் இதையொட்டித்தான் சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆசை ஏற்கெனவே உண்டு, அதை எட்டுவதற்கான அறிவும் திறமையும் வழியும்தான் இல்லை, வெறும் ஆசையை உயர்த்துகிற நிகழ்ச்சிகளால் படிப்பு உயர்ந்ததற்குத் தெளிவான சான்று இல்லை என்கிறது. அந்த நாட்டு நிலைமை வேறு. ஆனாலும் நான் வகுப்பறையில் கண்டதும் இதுதான்.

அப்படியானால் என்ன செய்யலாம்? எனக்குப் பலன் தந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ரப்பர் பால் வெட்டுகிறவர்களாக இருப்பார்கள். அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரு வருடம் 9-ம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், அப்பா எஸ்டேட்டில் பால்வெட்டு. கணக்கில் 20 மார்க்கைத் தாண்டாத பிள்ளை. வெட்டுக்கு என்ன கோணம் என்று பேச்சு வந்தபோது, "ஒட்டு மரத்துக்கு 30 டிகிரி சார், விதை மரத்துக்கு 25" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஏன் அப்படி என்பது மட்டும் தெரியாது. பட்டைக்குள் பால் குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் கொஞ்சம் சாய்ந்து சுற்றிப் போகின்றன. இடது மேலிருந்து வலது கீழாக வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபட்டு அதிகப் பால் வரும். இதை நான் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அப்பா தினமும் செய்கிற வேலைக்குள் இவ்வளவு அறிவியல் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை 20 பிள்ளைகளோடு பக்கத்துத் தோட்டத்துக்குப் போனோம். பழைய செய்தித்தாளை மரத்தைச் சுற்றிக் கட்டி, வெட்டின் மேல் கரித்துண்டால் தேய்த்துக் கோட்டை எடுத்தார்கள். தாளைப் பிரித்து விரித்தால் வளைந்த வெட்டு நேர்கோடாகக் கிடக்கிறது! மரத்தின் சுற்றளவு 60 செ.மீ. வெட்டு பாதிச் சுற்று, அதாவது 30 செ.மீ. 30 டிகிரிக்கு டேன் மதிப்பு 0.577. பெருக்கினால் 17.3 செ.மீ. இறக்கம். தாளில் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 17-க்குச் சற்று மேல் வந்தது. ஒரு பையன் "சார், கணக்கு சரியா வருது" என்று கத்தினான். கணக்கு சரியாக வரும் என்பதே அவனுக்குச் செய்தி. அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். கத்தி உள்ளே மரத்தைத் தொடாமல், சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு நிறுத்த வேண்டும் என்று செய்து காட்டினார். டார்ச் வெளிச்சத்தில், விடிவதற்கு முன்னால், நூற்றுக்கணக்கான மரத்தில் அந்த 1 மில்லிமீட்டரைக் காப்பாற்றுகிற மனிதர். பிள்ளைகள் அவரை "சார்" என்று கூப்பிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண் பிறகு தோட்டக்கலை படித்தாள். ஒரு சனிக்கிழமையால் அது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு இரண்டு முறை அவளை அழைத்துப் போனோம். அங்கே வேலை செய்கிற ஒரு பெண் விஞ்ஞானியிடம் அவளாகப் போய்ப் பேசினாள். அதன் பிறகு மூன்று வருடம் அவளை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தோம். எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் தொடக்கம் அந்த 30 டிகிரிதான் என்று இன்றைக்கும் அவள் சொல்வாள்.

ஆகவே முதல் விஷயம்: பிள்ளைக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கி, அதைக் கையால் செய்ய வைத்து, அது எங்கே கொண்டுபோகும் என்று காட்டுங்கள். இதற்கு நம் மாவட்டம் மாதிரி வசதியான இடம் குறைவு. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் பிள்ளைகள் எத்தனையோ முறை போயிருப்பார்கள், மேலே நடந்து போட்டோ எடுத்துவிட்டு வந்திருப்பார்கள். இந்த முறை ஒரு கோணமானி, ஒரு ஸ்ட்ரா, நூலில் கட்டிய ஒரு நட்டு, இவ்வளவு கொண்டுபோய் அதன் உயரத்தைக் கீழே நின்று அளக்கச் சொல்லுங்கள். கூடவே, மலைக்கும் மலைக்கும் நடுவே தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற வேலையை யார் யோசித்தார்கள், அப்படி யோசிப்பவர்கள் என்ன படிப்பார்கள் என்று ஒரு கேள்வியும். சிவில் இன்ஜினியர் என்ற சொல்லுக்கு அன்றைக்கு ஓர் உருவம் கிடைக்கும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் என்றால் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்கள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதில் பிள்ளைகள் கூழைக்கடாவை எண்ணி எழுதிக் கொடுக்கலாம். தான் எண்ணிய எண் ஒரு பெரிய பட்டியலில் சேர்கிறது என்பது ஒரு 13 வயதுப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, ஆள். பெரிய ஆள் வேண்டாம், கிட்டத்து ஆள் வேண்டும்.

இஸ்ரோ தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த சிவன் நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளைக்காரர், விவசாயியின் மகன், தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த நாராயணனும் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர்தான். இரண்டு பேர் படமும் நம் பள்ளிச் சுவர்களில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் படத்தை மட்டும் மாட்டினால், "அவங்க மூளையே வேற" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். நாராயணன் ஏறிய படிகளைச் சொல்லுங்கள். முதலில் மெக்கானிக்கல் டிப்ளமோ. 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. முடித்தார். 1989-ல் ஐ.ஐ.டி. கரக்பூரில் கிரையோஜெனிக் (மிகக் குறைந்த வெப்பநிலை) இன்ஜினியரிங்கில் எம்.டெக்., முதல் ரேங்க். முனைவர் பட்டம் 2001-ல். 10-ம் வகுப்புக்குப் பிறகு பாலிடெக்னிக் போனால் படிப்பு முடிந்தது என்று நினைக்கிற வீடு நம் ஊரில் எத்தனை? இந்த ஒரு வரலாற்றைப் பலகையில் படிக்கட்டாக வரைந்து காட்டினால் போதும். அப்புறம் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றி நாகர்கோவில் கோணத்துக்குக் கூட்டிப் போங்கள். ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், அரசு கலைக் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, எல்லாம் அந்த ஒரே பகுதியில் இருக்கின்றன. ஐ.டி.ஐ.யிலிருந்து பாலிடெக்னிக், பாலிடெக்னிக்கிலிருந்து நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு என்று ஏறிப் போகிற வழியைக் கண்ணாலேயே காட்டிவிடலாம். கட்டடத்தை மட்டும் காட்டாதீர்கள். லேத் ஓடுகிற சத்தத்தைக் கேட்கட்டும்.

இதோடு, உங்கள் பள்ளியிலேயே படித்து நான்கைந்து வருடம் முன்னால் வெளியே போனவர்களைக் கூப்பிடுங்கள். விடுமுறைக்கு வந்திருக்கும் நர்ஸ், லேப் டெக்னீஷியன், கிராம நிர்வாக அலுவலர், பி.எஸ்.சி. இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண், யாராக இருந்தாலும் சரி. மைக், மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு வகுப்பறையில் 12 பிள்ளைகளோடு வட்டமாக உட்காரட்டும். கேள்விகளைப் பிள்ளைகளே முன்கூட்டி எழுதட்டும். "10-ல் எவ்வளவு மார்க்? எந்தப் பாடத்தில் அடி வாங்கினீங்க? ஃபீஸ் யார் கட்டினாங்க? ஹாஸ்டலில் முதல் வாரம் அழுதீங்களா? வீட்டில் யார் வேண்டாம் என்றார்கள்?" இவைதான் பிள்ளைகளுக்கு வேண்டிய பதில்கள். ஒரு முறை இப்படி வந்த பெண், தான் 11-ம் வகுப்பில் இயற்பியலில் ஃபெயில் ஆனதைச் சொன்னாள். அதைக் கேட்டதும் வட்டத்தில் மூன்று பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேர மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

கிட்டத்து ஆள் என்று நான் அழுத்துவதற்கு ஆய்வும் துணை. மேற்கு வங்கத்தில் 495 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இட ஒதுக்கீட்டால் பெண்கள் பஞ்சாயத்துத் தலைவராக வந்த ஊர்களில் என்ன மாறியது என்று பார்த்தார்கள். ஆண் பிள்ளை மேல் வைக்கிற ஆசைக்கும் பெண் பிள்ளை மேல் வைக்கிற ஆசைக்கும் உள்ள இடைவெளி பெற்றோரிடமும் குறைந்திருந்தது, பிள்ளைகளிடமே 32 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இது இரண்டு தேர்தல் முறை பெண் தலைவரைக் கண்ட ஊர்களில்தான். ஒரு நாள் வந்து போகிறவரால் வராத மாற்றம், கண்ணெதிரே வருடக்கணக்கில் இருப்பவரால் வருகிறது. ஆகவே அந்த நர்சை ஒரு முறை அழைத்து அனுப்பிவிடாதீர்கள். அதே 12 பிள்ளைகளோடு அடுத்த விடுமுறையிலும் பேச வையுங்கள்.

கடலோரப் பள்ளிகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை, இதைப் படிக்கிறவர்களில் அந்தப் பக்கத்து ஆசிரியர்களும் இருப்பார்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு, "படி, இல்லாட்டி கடலுக்குத்தான் போகணும்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை உசுப்புகிற பழக்கம் சில பள்ளிகளில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் எவ்வளவு தூரம் போய் வருகிறார்கள் என்பது நாட்டுக்கே தெரியும். அப்பாவின் தொழிலைத் தண்டனையாகக் காட்டி வளர்க்கிற லட்சியம் பிள்ளையின் மனசுக்குள் ஒரு வெட்கத்தையும் சேர்த்து வளர்க்கும். கடலிலேயே மேலே போகிற வழிகள் உண்டே. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதிக் கப்பல் அதிகாரி ஆகலாம். கொச்சியில் தலைமையிடம் கொண்ட, மத்திய அரசின் மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டில் 10-ம் வகுப்பு முடித்தவர்களுக்கே மீன்பிடிக் கப்பல் செலுத்தவும் அதன் இன்ஜினைப் பார்க்கவும் பயிற்சி உண்டு. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் இருக்கிறது. வள்ளத்தில் பிறந்த பிள்ளைக்குக் காற்றும் நீரோட்டமும் தெரியும். அதை மதிப்பெண்ணாக மாற்றுகிற வேலைதான் நமக்கு.

மூன்றாவது, நான் செய்த ஒரு தவறு. முதல் சில வருடம் எல்லாப் பயணத்துக்கும் நன்றாகப் படிக்கிறவர்களையே கூட்டிப் போனேன். பரிசு மாதிரி. ஒரு நாள் வேன் கிளம்பும்போது கேட் ஓரம் நின்ற ஒரு பிள்ளை, "சார், எங்க முறை எப்ப?" என்றது. பதில் சொல்ல முடியவில்லை. முதல் ஐந்து ரேங்க் வாங்குகிறவர்களுக்கு எப்படியும் யாராவது வழி சொல்லிவிடுவார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கிற, யாரும் திட்டாத, யாரும் பாராட்டாத பிள்ளைகளுக்குத்தான் இது வேண்டும். பாதி இடங்களைச் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுங்கள். அப்புறம், ஒவ்வொரு பயணத்திலும் நான்கு அம்மாக்களையும் கூட்டிப் போங்கள். விடுதியை அம்மா தன் கண்ணால் பார்த்து, வார்டனோடு பேசிவிட்டால், மகளை வெளியூர் அனுப்புகிற பயம் பாதி இறங்கிவிடும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்கு மேற்படிப்பில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் திட்டத்தில் வருகிறது என்பதையும் அங்கேயே, அந்த வளாகத்திலேயே சொல்லுங்கள். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். நான் முதல்வன், வானவில் மன்றம், கலைத்திருவிழா எல்லாம் பள்ளியில் ஏற்கெனவே நடக்கிறவை. அவற்றைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டாலே தெரியும், நான் விரிக்கவில்லை.

கடைசியாக, யாருக்கும் பிடிக்காத வேலை. காகிதம்.

8-ம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு. தேர்வானால் 9 முதல் 12 வரை வருடம் 12,000 ரூபாய், பெற்றோர் வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 9-ல் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 ஆண் பிள்ளைகள், 50 பெண் பிள்ளைகள் உதவித்தொகைக்குத் தேர்வாவார்கள். இஸ்ரோவின் இளம் விஞ்ஞானிப் பயிற்சியான யுவிகாவும் 9-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான், கிராமப் பஞ்சாயத்துப் பகுதிப் பள்ளிகளுக்கு அதில் தனி மதிப்பெண் உண்டு. பிள்ளைகளின் புது அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தருகிற இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் அனுப்பலாம், தேர்வான பிள்ளைக்கு 10,000 ரூபாய். அந்த ரப்பர் மரக் கணக்கிலிருந்தோ தொட்டிப்பாலத்திலிருந்தோ ஒரு யோசனை பிறந்தால் அங்கே அனுப்புங்கள்.

இவற்றில் பிள்ளைகள் தோற்பது அறிவால் என்பதைவிடக் காகிதத்தால்தான் அதிகம். ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் வேறு இன்ஷியல். வருமானச் சான்று காலாவதி. வங்கிக் கணக்கு செயலில் இல்லை. உதவித்தொகை கிடைத்தும் கணக்குக்கு வராமல் ஒரு வருடம் அலைந்த பிள்ளை எனக்குத் தெரியும். குழுவில் இரண்டு பேர் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் இரண்டு பக்கம். என்ன பார்த்தது, என்ன கேட்டது, அடுத்த தேர்வு எது, எந்தச் சான்று இல்லை. மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். பிள்ளை 10-ம் வகுப்பு முடிக்கும் வரை அந்த நோட்டு பள்ளியை விட்டுப் போகக் கூடாது. 10 முடிந்ததும், உதவியவர்களின் போன் எண்களோடு பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள்.

30,000 ரூபாயை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். பாதிக்கு மேல் வேனுக்கும் சாப்பாட்டுக்கும், வருடத்தில் மூன்று பயணம். ஒரு 6,000 ரூபாய் அளவுகோல், கோணமானி, இரண்டு பைனாகுலர், தாள், நூல் என்று கையில் பிடிக்கிற பொருள்களுக்கு. மிச்சம் என்.எம்.எம்.எஸ். பயிற்சித் தாள் ஜெராக்சுக்கும், இ-சேவை மையத்தில் கட்ட முடியாத வீடுகளின் சான்றிதழ்ச் செலவுக்கும். பணம் கொடுத்த முன்னாள் மாணவர்களிடம் இன்னும் ஒன்றும் கேளுங்கள். ஆளுக்கு வருடத்தில் இரண்டு மதியம்.

முதல் கூட்டத்துக்கு ஒரு பால்வெட்டுக்காரரை அழையுங்கள், உங்கள் பள்ளிப் பிள்ளையின் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கட்டும். நேரம் மட்டும் பார்த்து வையுங்கள். பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்து, குளித்து வர மதியம் ஆகிவிடும். இரண்டு மணிக்கு மேல் வைத்தால் அவரால் வர முடியும்.